எந்த நாய்க்கு எங்கே செலவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாய் வளர்ப்பு குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை செலவைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்குக் கால்நடை மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: நானும் என் கணவரும் முதன்முறையாக நாய் வளர்க்கப் போகிறோம். சிறிய நாய்க்குச் செலவு குறைவு, பெரிய நாய்க்கு அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது எவ்வளவு தூரம் சரி?

பதில்: பாதி சரி. குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, ஆன்டிபயாட்டிக், வலி மருந்து, மயக்க மருந்து என்று எல்லாமே நாயின் எடையைப் பார்த்துக் கொடுக்கப்படுபவை. ஒரே நோய் வந்தாலும் 4 கிலோ நாய்க்குத் தேவைப்படும் மருந்தைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு 40 கிலோ நாய்க்குத் தேவைப்படும். விலை அதே விகிதத்தில் ஏறுவதில்லை என்றாலும், மாதக்கணக்கில் மருந்து கொடுக்க நேரும்போது அந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். தடுப்பூசி மட்டும் இதற்கு விலக்கு. மிகச் சிறிய இனமான சிவாவாவுக்கும் மிகப் பெரிய இனமான கிரேட் டேனுக்கும் ஒரே அளவு ஊசிதான்.

உணவின் கணக்கு வேறு. நாய் ஓய்வாக இருக்கும்போது தேவைப்படும் ஆற்றலை அறிய, அதன் எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்குவோம். அப்படிப் பார்த்தால் 3 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 160 கிலோ கலோரியும் 30 கிலோ நாய்க்குச் சுமார் 900 கிலோ கலோரியும் வருகிறது. எடை பத்து மடங்கு கூடினாலும் தீனி ஐந்தரை மடங்குதான் கூடுகிறது. ஓடியாடும் நாய்க்கு இரண்டு எண்களும் உயரும், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது.

இதோடு ஆயுளையும் சேர்த்துப் பாருங்கள். கிரேட் டேன் பொதுவாக 8 முதல் 10 ஆண்டு வாழும். சிவாவா 14, 15 ஆண்டுகள் உங்களோடு இருக்கும். ஆண்டுச் செலவையும் ஆயுள் முழுவதற்குமான செலவையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் சிறிய நாயின் சிக்கனம் நீங்கள் நினைத்த அளவுக்கு இருக்காது. எடைக்கு அடுத்தபடியாகச் செலவைத் தீர்மானிப்பவை முகத்தின் அமைப்பும் முதுகின் நீளமும் முடியின் தன்மையும். குட்டிக்கு நீங்கள் கொடுக்கும் விலை இவற்றைப் பற்றி எதுவுமே சொல்லாது. ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் உடலைப் பாருங்கள்.

கேள்வி: தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணையாக ஒரு ஷிட்சு வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். தீனி ஒரு கைப்பிடிதானே, வேறு என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது?

பதில்: முடியும் பல்லும். ஷிட்சு, பூடில் போன்ற நாய்களுக்கு முடி உதிர்வது குறைவு, ஆனால் அது நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் தினமும் சீவ வேண்டும். பலர் மேலாக ஒரு பிரஷ்ஷை ஓட்டிவிட்டு முடி பளபளப்பதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள்; அதற்குள் காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் வயிற்றோரத்திலும் சடை பிடித்திருக்கும். அந்தச் சடை தோலை இழுத்து, அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகிவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சீப்பின் பல் தோலைத் தொட்டபடி, வேரிலிருந்து நுனி வரை தடங்கல் இல்லாமல் வந்தால்தான் சீவியதாகப் பொருள். அம்மாவின் விரல்களுக்குத் தினமும் அதைச் செய்யும் வலு உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள். முடியைக் குட்டையாக வெட்டி வைத்திருப்பது அவருக்கும் நாய்க்கும் சௌகரியம்.

வளர்ந்த நாய்க்கு இருக்க வேண்டிய பற்கள் 42. எத்தனை சிறிய தாடையானாலும் அத்தனை பல்லும் அதற்குள் இடம் பிடித்தாக வேண்டும். நெருக்கமான பற்களுக்கிடையில் காரை படிந்து, ஈறு வீங்கி, வேர் ஆட்டம் காண்பது சிறிய இனங்களில் மிகச் சாதாரணம். மயக்க மருந்து கொடுத்துத்தான் முறையாகப் பல் சுத்தம் செய்ய முடியும் என்பதால் அது சிறிய செலவன்று. நாய்களுக்கென்றே உள்ள பற்பசையால் தினமும் தேய்த்தால் அந்த நாளை வெகுவாகத் தள்ளிப்போடலாம். மனிதர்களுடைய பற்பசையைப் பயன்படுத்த வேண்டாம். சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு.

கேள்வி: பக் இனக் குட்டி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதன் குறட்டைச் சத்தம் எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாங்கலாமா?

பதில்: பிள்ளைகளுக்குப் பிடித்த அந்தக் குறட்டை, குட்டி மூச்சுக்குப் படும் பாடு. பக், பிரெஞ்சு புல்டாக், இங்கிலீஷ் புல்டாக் ஆகிய இனங்களில் முகத்து எலும்பைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கிக்கொண்டே வந்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் மென்அண்ணமும் (வாயின் மேற்கூரையில் பின்பக்கத்து மென்மையான பகுதி) நாக்கும் மூக்கின் உள்தசைகளும் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. இடமில்லாத தசை மூச்சு வழியை அடைக்கிறது. நாய் தன் உடல் சூட்டைத் தணிப்பதே மூச்சு இரைத்துத்தான் என்பதால், மூச்சு வழி குறுகிய நாயை வெப்பம் மற்ற நாய்களைவிட வெகு சீக்கிரம் சாய்த்துவிடும்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது அதை மடியில் வைத்து, மூக்கை நேருக்கு நேர் கவனியுங்கள். துளைகள் திறந்து வட்டமாக இருக்கின்றனவா, அல்லது நகக்கீறல்போல ஒரு கோடாக இருந்து, மூச்சை உள்ளிழுக்கும்போது அதுவும் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையானால் அந்த நாய்க்குப் பின்னாளில் மூக்குத் துளையை அகலப்படுத்தி, தொங்கும் அண்ணத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட வாய்ப்பு மிக அதிகம். இந்த நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதிலும் தனிக் கவனம் வேண்டும். மயக்கம் தெளிந்து, மூச்சுவிடுவதற்காகத் தொண்டைக்குள் வைத்த குழாயை எடுத்த பிறகும் பக்கத்திலேயே ஒருவர் இருந்து மூச்சைக் கண்காணிக்க வேண்டும். அந்தக் கண்காணிப்புக்கான செலவும் கட்டணத்தில் சேரும்.

மூச்சோடு முடிவதில்லை. குழி ஆழமில்லாத கண்கள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் கருவிழியில் சிராய்ப்பும் புண்ணும் அடிக்கடி வரும். முகத்து மடிப்புகளைத் துடைத்து உலர்வாக வைக்காவிட்டால் தோல் அழுகும். இவற்றைச் சரக்குப் பகுதியில் ஏற்றிச் செல்லப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. புல்டாக் வகைகளில் பிரசவமே பெரும்பாலும் அறுவையாகத்தான் நடக்கிறது. 2010-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் இங்கிலீஷ், பிரெஞ்சு என இரு புல்டாக் இனங்களிலுமே 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஈற்றுகள் சிசேரியன் மூலமாகவே நிகழ்ந்திருந்தன.

வேண்டாம் என்பதே என் பதில். மனம் கேட்கவில்லை என்றால், தாய் நாயையும் தந்தை நாயையும் உங்கள் கண்ணெதிரே மூன்று நிமிடம் மெல்ல ஓடவிடச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் 2019-இல் கொண்டுவந்த மூச்சுத்திறன் தரப்படுத்தலில், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூச்சின் ஒலியைக் கேட்டு 0 (சிரமமே இல்லை) முதல் 3 (கடும் சிரமம்) வரை தரம் கொடுக்கிறார்கள். தரம் 0 அல்லது 1 உள்ள பெற்றோரின் குட்டி கிடைத்தால் யோசிக்கலாம். அந்தச் சிறு ஓட்டத்திலேயே தாய் நாய் திணறுமானால் குட்டி இலவசமாகக் கிடைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகிய இரண்டில் எது சிக்கனமானது?

பதில்: ஏறத்தாழச் சம எடைதான், ஆகவே தீனியில் பெரிய வேறுபாடு வராது. இரண்டுக்குமே இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் பலவீனமான இடங்கள். பெற்றோர் நாய்களுக்கு ஒரு வயதுக்குப் பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயையும் அதற்குக் கிடைத்த தரச் சான்றையும் கேளுங்கள். குட்டி விற்பவர் சிரித்து மழுப்பினால் அங்கே வாங்காதீர்கள். ஜெர்மன் ஷெப்பர்டில் இன்னொன்றும் உண்டு: சில நாய்களில் கணையம் செரிமான நொதிகளைச் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. எவ்வளவு தின்றாலும் இளைத்துக்கொண்டே போகும் அந்த நாய்க்கு, வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு வேளைத் தீனியிலும் நொதித் தூள் கலந்து கொடுக்க வேண்டும்.

லேப்ரடாரின் செலவு அதன் பசியிலிருந்து வருகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்துவதில் பங்கு வகிக்கும் ஒரு மரபணுவில் குறை இருப்பது 2016-இல் கண்டறியப்பட்டது. அது பாவமாகப் பார்ப்பதை நம்பிப் போட்டுக்கொண்டே இருந்தால் எடை ஏறி, மூட்டு தேய்ந்து, முழங்கால் தசைநார் அறுந்து அறுவைக்கு வந்து நிற்கும். ஒரு காலில் தசைநார் அறுந்த நாய்களில் கணிசமானவற்றுக்கு மறு காலிலும் அது நேர்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லேப்ரடார்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கால் பங்கு தீனியைக் குறைத்து ஆயுள் முழுதும் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுநோய் சிகிச்சையும் வெகு தாமதமாகவே தேவைப்பட்டது. விலாவில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவும்போது எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் அன்றைக்கே தீனியைக் குறையுங்கள். நாய் வளர்ப்பில் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டே நாய்க்கும் நன்மை செய்வது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: நண்பரின் கிரேட் டேன் ஒரே இரவில் வயிறு உப்பி இறந்துபோனது. எனக்கும் அந்த இனத்தின்மேல் ஆசை. அதைத் தடுக்க வழி உண்டா?

பதில்: நண்பருக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களில் வயிறு காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்வதுண்டு. நாய் வாந்தியெடுக்க முயன்று எதுவும் வராமல் தவிக்கும், எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் நடக்கும். அந்த நிலையில் காலை வரை காத்திருக்கக் கூடாது; சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டால் முறுக்கிக்கொள்வதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். நள்ளிரவு அவசர அறுவைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. கிரேட் டேன் வாங்கும் அன்றே இதற்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள். குட்டிப் பருவத்தில் எலும்பு பலப்பட வேண்டும் என்று கால்சியம் மருந்து வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். பெரிய இனக் குட்டிகளில் மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

கேள்வி: எங்களிடம் நான்கு வயது டாஷ்ஹண்ட் இருக்கிறது. காப்பீடு எடுப்பது நல்லதா, அந்தப் பணத்தை மாதாமாதம் சேர்த்து வைப்பது நல்லதா?

பதில்: உங்கள் நாயின் இனத்துக்குக் காப்பீடு பொருத்தமானது. முதுகு நீண்டு கால் குட்டையான டாஷ்ஹண்ட் நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் எப்போதாவது முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது, பெரும்பாலும் நடுவயதில். காலையில் நன்றாக ஓடிய நாய் மாலையில் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வரும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், உடனடி அறுவை, அதன்பின் வாரக்கணக்கில் உடற்பயிற்சி என்று எல்லாச் செலவும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அந்தத் தொகையைச் சேமித்து முடிக்கும்வரை நோய் பொறுத்திருக்காது. ஆனால் கையெழுத்திடும் முன், மரபுவழி நோய்களை விலக்கியிருக்கிறார்களா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, ஆண்டுக்கு உச்சவரம்பு என்ன, வயது ஏறும்போது கட்டணம் எப்படி உயரும் என்பவற்றை எழுத்தில் படித்துப் பாருங்கள். முதுகுவலி என்று ஒருமுறை மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால் பெரும்பாலான காப்பீடுகள் பிறகு முதுகுக்குப் பணம் தருவதில்லை. அப்படி ஏற்கெனவே ஏறியிருந்தால் சேமிப்பே வழி. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியிலும் மறு கை பின்பக்கத்தின் கீழும் இருக்கட்டும்.

கேள்வி: அபூர்வ நிறம் என்று சொல்லி, சாம்பல் திட்டுகள் கொண்ட மெர்ல் குட்டிக்கு இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மெர்ல் நிறமுள்ள இரண்டு நாய்களை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வந்துவிடும். அவற்றுள் பல செவிடாகவோ கண்பார்வை குன்றியோ பிறக்கின்றன. பெற்றோர் இரண்டும் மெர்லா என்று கேட்காமல் பணம் நீட்டுவது அத்தகைய இணைப்புகளை ஊக்குவிக்கிறது. கைக்குள் அடங்கும் அளவு என்று விற்கப்படும் டீகப் குட்டிகளுக்கும் இதே பதில்தான். ஒரு வேளை உணவு தவறினாலே அவற்றுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம்.

கேள்வி: தெருவில் கிடைத்த கலப்பினப் பெண் குட்டியை எடுத்து வளர்க்கிறோம். எங்கள் வருமானம் குறைவு. எதில் சிக்கனம் பிடிக்கலாம்?

பதில்: நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். நடுத்தர உடல், நீண்ட மூக்கு, குட்டை முடி உள்ள கலப்பின நாய், மேலே சொன்ன செலவுகள் பலவற்றிலிருந்து உங்களைக் காப்பாற்றும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்தால்தான் வெளிப்படும் நோய்களும் அதற்குக் குறைவு. ஆனால் முதலாண்டுத் தடுப்பூசிச் செலவு எந்த இனத்துக்கும் ஒன்றுதான், அதில் கை வைக்க முடியாது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தடுப்பூசி போட வேண்டும். பிறகு ஓராண்டில் ஊக்க ஊசி. கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் தாக்கிய குட்டியை நாட்கணக்கில் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்ற ஆகும் செலவு இந்த ஊசிகள் அனைத்துக்கும் ஆவதைவிட மிக அதிகம், அப்படியும் பிழைக்கும் என்ற உறுதியில்லை. வெறிநாய்க்கடி நோய்க்கு மருந்தே இல்லை என்பதால் அந்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெண் குட்டி என்பதால் கருத்தடையையும் கணக்கில் சேருங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கிறது. அப்போது செய்ய வேண்டியது அதே அறுவைதான், ஆனால் காய்ச்சலோடும் ஆபத்தோடும் பல மடங்கு செலவோடும். உடை, விளையாட்டுப் பொருள், வாசனை ஷாம்பு, வைட்டமின் பாட்டில் இவை எதுவும் உங்கள் குட்டிக்குத் தேவையில்லை. முடியை வீட்டிலேயே சீவலாம், நகத்தை வீட்டிலேயே வெட்டலாம். வெட்டும் முறையை அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நகத்துக்குள் ரத்தக்குழாய் எதுவரை வருகிறது என்று அவர் காட்டிக் கொடுப்பார்.