தூண்டில் கேள்வி – பதில்: வாயைப் பார்த்து இரை

(பாசன மதகுகளை ஏற்றி இறக்கும் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற, தூண்டிலில் இருந்து இன்னும் ஓய்வு பெறாத ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வெண்ணாற்றில் மைதா மாவை உருட்டிக் கோத்துப் போடுகிறேன். ஜிலேபிக் கெண்டைதான் வருகிறது. விரால் ஒன்றுகூடச் சிக்கவில்லையே ஐயா? – வாசகர், நீடாமங்கலம்

பதில்: விராலுக்கு மாவா? கறி விருந்துக்கு வந்தவனுக்குத் தயிர்சாதம் வைக்கிறீர்கள் தம்பி. அசைகிற இரையைப் பாய்ந்து பிடிக்கிற சாதி அது. சின்னத் தவளை போடுங்கள். கிடைக்காவிட்டால் உயிருள்ள பொடிக் கெண்டை. முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை ஒட்டித் தூண்டில் முள்ளை ஏற்றுங்கள். நடு எலும்பில் பட்டால் இரை செத்துவிடும்.

ஓடுகிற தண்ணீரில் தேடாதீர்கள். ஆகாயத்தாமரை ஓரம், கோரை மண்டிய தேக்கம், இவைதான் அதன் வீடு. விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டு போகும். 'களுக்' என்று ஒரு சத்தம், பிறகு வட்டமாக ஓர் அலை. அதற்கு நாலு முழம் தள்ளி இரையை இறக்குங்கள். நெட்டித் தக்கை அமுங்கியதும் சுண்டிவிடாதீர்கள். முதலில் கவ்விக்கொண்டு நகரும், பிறகுதான் விழுங்கும். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு மழை மாலையில் நான் அவசரப்பட்டேன். முள்ளில் பாதித் தவளை தொங்கியது. அன்று வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

தண்ணீரில் குங்குமம் கொட்டியதுபோல் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அடியில் பெற்றவை காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அப்போது எது கிட்டே வந்தாலும் சீறிக் கடிக்கும், பிடிப்பது சுலபம். நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

கேள்வி: குளத்தில் கட்லா, ரோகு விட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே இரை போதுமா? – வாசகர், பாபநாசம்

பதில்: இரை ஒன்றாக இருக்கலாம், ஆழம் ஒன்றாக இருக்கக் கூடாது. சந்தையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாயைப் பாருங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும்; மேல்மட்டத்தில் மேய்கிற மீன். ரோகுவின் வாய் கீழ்நோக்கி இருக்கும், உதட்டில் சுருக்கம் தெரியும். அது நடுத் தண்ணீரில் திரியும். இவற்றின் கூட்டாளி மிர்கால் தரையைத் துழாவும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து, முள்ளில் நிற்கக் கொஞ்சம் மைதா சேர்த்து உருட்டுங்கள். தக்கையைத் தூண்டில் நரம்பில் ஏற்றி இறக்கி ஆழத்தை மாற்றுங்கள். இந்த மூன்றும் கங்கைக் கரையிலிருந்து நம் குளத்துக்கு வந்த விருந்தாளிகள். நீடாமங்கலத்துக்காரரின் ஜிலேபியோ 1952-இல் கடல் கடந்து வந்தது. அதற்குச் சோற்றுப் பருக்கை போதும், அழைக்காமலே வரும்.

கேள்வி: மண்புழு போட்டேன். கெளுத்தி கடித்தது, என் கையையும் குத்திவிட்டது. – வாசகர், கும்பகோணம்

பதில்: முதுகில் ஒன்று, செவுளோரம் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள் அதற்கு. ஈரத் துணியால் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். தேளி குத்தினால் இதைவிடக் கடுக்கும், பெயரே சொல்கிறதே. கை தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் எந்த இரை நல்லது? – வாசகர், திருவையாறு

பதில்: மதகு தூக்கிய கையால் சொல்கிறேன்: முதல் தண்ணீர் குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும், தூண்டில் நரம்பில் சருகுதான் மாட்டும். கலங்கல் இருக்கும்வரை மண்புழு போடுங்கள். கெளுத்தி மாதிரி மீசை வைத்த மீனுக்குக் கண் தேவையில்லை, வாசனையும் தடவலும் போதும். உளுவைக்கும் ஆராலுக்கும் அதே புழுதான், ஆனால் தரையோடு கிடக்க வேண்டும். தெளிந்த பிறகு மாவுக்கு மாறலாம்.

கேள்வி: அயிரைக்கு எந்த முள்? – வாசகர், மன்னார்குடி

பதில்: முள் வேண்டாம். பழைய வேட்டி ஒன்று, இரண்டு முனையைப் பிடிக்க மைத்துனர் ஒருவர்.