டவுன் பஸ்ஸும் கரண்டும்: கேள்வி பதில்

கேள்வி: டவுன் பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றினால் கார்பன் பாதியாகுமா? (விருதுநகர்)

கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பஸ் என்றால், கிலோமீட்டருக்கு 540 கிராம். ஏசி இல்லாத மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் குடிக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம், பெரும்பாலும் நிலக்கரிப் புண்ணியத்தில். டீசலைச் சுத்திகரித்து லாரியில் கொண்டுவரும் கணக்கையும் சேர்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. புகை ஊரைவிட்டு அனல் நிலையத்துக்குக் குடிபோகிறது, அவ்வளவுதான்.

எப்போது சார்ஜ் போடுகிறோம் என்பதில்தான் விஷயம். கூட்டம் குறையும் மதிய நேரத்தில் சூரிய மின்சாரம் தாராளம். பாதி வண்டிகளை அப்போது டிப்போவுக்கு வரவழையுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ராத்திரியும் சுற்றும், அப்போது இரவிலும் போடலாம். அதற்கு பஸ்ஸுக்கு டைம் போடுகிறவரும் மின்வாரியத்துக்காரரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

பஸ் வாங்கும் முன் டிப்போவுக்கு வரும் லைனைப் பாருங்கள். 50 வண்டிகள் ஒரே நேரத்தில் 60 கிலோவாட் வீதம் இழுத்தால் 3 மெகாவாட். இருக்கிற டிரான்ஸ்பார்மர் தாங்காது.

கேள்வி: ஹைட்ரஜன் பஸ்? (ஓசூர்)

தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்கவே 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதே கரண்டை பேட்டரியில் ஏற்றினால் இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடலாம்.

கேள்வி: பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்? (கரூர்)

என் துறை இல்லை. உத்தரவாதப் பத்திரத்தைப் படியுங்கள். டிப்போ லைனையும் பாருங்கள்.

கேள்வி: என் மின்சார ஸ்கூட்டர் பழைய டீசல் பஸ்ஸைவிடச் சுத்தம்தானே? (திருச்சி)

50 பேர் ஏறிய பஸ்ஸில் தலைக்கு 11 கிராம். உங்கள் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 20 கிராம் சொச்சம். பஸ்தான் சுத்தம்.

அதே திருச்சி: மதியம் எங்கள் பஸ்ஸில் எட்டுப் பேர்தான்!

சரி, அப்போது தலைக்கு 67 கிராம், நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் நீங்கள் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடும். ஒன்பதாவது ஆளாக ஏறினால் கூடுதல் டீசல் சொட்டுக்கணக்குதான்.

குறுக்கே லால்குடி: ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ் விட்டால் யார் ஏறுவார்?

இதுதான் கேள்வி. காத்திருந்து சலித்தவர் ஸ்கூட்டர்தான் வாங்குவார். கையில் காசு இருந்தால், முதலில் இருக்கிற டீசல் பஸ்ஸையே இருபது நிமிடத்துக்கு ஒன்றாக விடச் சொல்வேன்.

திருச்சி: அப்படியானால் மின்சார பஸ் வேண்டாமா?

வேண்டும். மதியம் சார்ஜ் போட்டு.

கேள்வி: மின்சார பஸ் வந்தால் கார்பன் பாதியாகுமா? (தேனி)

முதல் பதில். லைன் பார்த்தீர்களா?