ஒன்பது கணினிக்கும் தனித்தனிக் கூலியா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வரிக்கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். பெரிய காப்பியர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒன்பது கணினிகளுக்கும் டிரைவர் (காப்பியரோடு கணினி பேச உதவும் மென்பொருள்) போட, கணினிக்கு 450 ராண்ட் என்கிறார் டெக்னீஷியன். சில வாரங்களில் 'ஆஃப்லைன்' என்று நின்றுவிட்டால் மறுபடியும் அதே கூலி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் போட வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. டிரைவர் ஒவ்வொரு கணினியிலும் இருந்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை ஒன்பது தனி வேலைகளாகக் கணக்குப் போடுவது நியாயமில்லை. டிரைவருக்கு ஒரே ஃபோல்டர், அதை நிறுவும் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரே கட்டளைக் கோப்பு. இரண்டையும் யூஎஸ்பியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியிலும் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கூலி பேசுவதானால் மொத்த வேலைக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

முதலில் அந்த 'ஆஃப்லைன்' தொல்லையைப் பார்ப்போம், பணம் கரைவது அங்கேதான். டிரைவர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். லோட் ஷெட்டிங்கிலோ, தெருவில் கேபிள் பழுதாகியோ மின்சாரம் போய்வரும்போது ரவுட்டர் புதிதாக எழுந்து, காப்பியருக்கு வேறு ஐபி முகவரியை, அதாவது அலுவலக நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணைக் கொடுத்துவிடும். கணினிகளோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடத் தேவையே இல்லை. ரவுட்டரின் அமைப்புக்குள் போய், காப்பியருக்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் மறுபடி மறுபடி டிரைவர் போடுகிறவருக்கு விஷயம் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

அதோடு, விண்டோஸ் தானே கண்டுபிடித்துக் காட்டும் பிரிண்டரை அப்படியே சேர்க்காதீர்கள். அது பல நேரம், விண்டோஸ் தானே அமைத்துக்கொள்ளும் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டில் (அச்சு வேலை போகும் வழியில்) போய் உட்காரும். பல 'ஆஃப்லைன்' புகார்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒதுக்கிய முகவரியைக் கையால் கொடுங்கள்.

டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். தேடினால் முதலில் கண்ணில் படும் 'டிரைவர் அப்டேட்டர்' வகையறாக்களைத் தொடவே வேண்டாம். தயாரிப்பாளர் தளத்திலும் முழுத் தொகுப்பு, சின்னத் தொகுப்பு என்று இரண்டு இருந்தால் சின்னதே போதும். அதில் பிசிஎல்6 என்ற அச்சு மொழி வகை உங்கள் அலுவலகத்துக்குச் சரியாக இருக்கும். அந்தக் கட்டளைக் கோப்பில் நான்கே செயல்கள்: டிரைவர் கோப்புகளை விண்டோஸின் கிடங்கில் சேர்ப்பது, டிரைவரைப் பதிவது, முகவரிக்கு ஒரு போர்ட் திறப்பது, அந்தப் போர்ட்டில் பிரிண்டரை நிறுவுவது. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் எழுதத் தெரிந்தவருக்கு இது சிறிய வேலை. அட்மின் உரிமையோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு ஓட்டவேண்டும், அதை மறக்கக் கூடாது. ஒன்பது கணினிக்காக சர்வர் வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேக் இருந்தால் அதிலேயே உள்ள ஏர்பிரிண்ட் என்ற அச்சு வசதி போதும்.

இப்போது நான் மிகவும் அஞ்சுகிற குறுக்குவழி. வேலையைச் சீக்கிரம் முடிக்க, ஒரு கணினியில் மட்டும் டிரைவரைப் போட்டு மற்ற எட்டுக்கும் அதிலிருந்து 'ஷேர்' செய்வார்கள். 2021 ஜூலையில் விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அதன்பின் ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், இப்படிப் பகிரும்போது டிரைவர் இறங்க அட்மின் உரிமை வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஒவ்வொரு கணினியும் பாஸ்வேர்ட் கேட்கும். உடனே டெக்னீஷியன் என்ன செய்வார்? விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதுகாப்பை அணைப்பார், அல்லது எல்லா ஊழியருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிட்டுப் போவார். அச்சு வரும், நீங்களும் நன்றி சொல்வீர்கள். ஆனால் உங்கள் கணினிகளில் இருப்பவை வாடிக்கையாளர்களின் அடையாள எண்கள், சம்பள விவரங்கள், வங்கிக் கணக்குகள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. தகவல் கசிந்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள், அவரல்ல. ஏற்கெனவே இப்படிச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். செய்திருந்தால் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் ஸ்நாப்டிராகன் சிப் இருந்தால், மற்ற எட்டில் ஓடிய கோப்பு அதில் ஓடாது. அது ஏஆர்எம் வகை, வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து வேறுபட்டது. சாதாரண மென்பொருள்களை அது சமாளித்து ஓட்டும். டிரைவருக்கு அந்தச் சலுகை இல்லை, ஏஆர்எம்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பல மாடல்களுக்கு அது கிடைப்பதில்லை. அப்போது விண்டோஸிலேயே உள்ள ஐபிபி பொது டிரைவரைக் கொண்டு சேர்க்கலாம். அச்சு வரும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வாடகைக் காப்பியர்களில் யார் எத்தனைப் பக்கம் எடுத்தார்கள் என்று எண்ண, ஆளுக்கொரு யூசர் கோட் எண் வைத்திருப்பார்கள். தயாரிப்பாளரின் டிரைவரில் அந்த எண்ணைப் பதிய இடம் இருக்கும். பொது டிரைவரில் பெரும்பாலும் இருக்காது. எண் இல்லாமல் வரும் வேலையைக் காப்பியர் சத்தமில்லாமல் அழித்துவிடும். கணினியோ 'அனுப்பியாயிற்று' என்று காட்டும். டிரைவர் பழுது என்று மீண்டும் ஆளைக் கூப்பிடுவீர்கள். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரின் துணைச் செயலி மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், எண் இல்லாத வேலையையும் ஏற்கும்படி காப்பியரில் மாற்றச் சொல்லவேண்டும்.

மாற்றுவதற்குக் காப்பியரின் அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். வாடகைக்கு விட்டவர்கள் அதைத் தர மறுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. மாதாமாதம் வாடகை கட்டுகிறவருக்கு ஓர் அமைப்பை மாற்றக்கூட உரிமை இல்லை என்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. எழுத்தில் கேளுங்கள். தரமாட்டோம் என்றால், இந்த மாற்றத்தை அவர்களே கட்டணமின்றிச் செய்து தரவேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள்.

இறக்கிய டிரைவர் ஃபோல்டரை அழிக்காமல் இரண்டு இடங்களில் வைத்திருங்கள். 2026 ஜனவரி முதல் விண்டோஸ் அப்டேட் வழியாகத் தயாரிப்பாளர்களின் புதிய டிரைவர்களை வழக்கம்போல வெளியிடுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்துகிறது. பத்தாவது கணினி வாங்கும் நாளில் அந்த ஃபோல்டரும் கட்டளைக் கோப்பும் உங்கள் அலமாரியில் இருக்கட்டும், டெக்னீஷியனின் லேப்டாப்பில் அல்ல.