பிரபுக்கள் சபை உறுப்பினர் ஓட்டுப் போட வந்தால் சீட்டுக் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடி எழுத்தராக வேலை பார்க்க விண்ணப்பித்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பிரபுக்கள் சபை (பிரிட்டன் நாடாளுமன்றத்தின், தேர்தல் இல்லாமல் அமையும் மேலவை) உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்தால் சீட்டுக் கொடுக்கலாமா? சட்டம் போடுகிறவருக்கே ஓட்டு இல்லை என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஆனால் அந்தத் தடை நாடாளுமன்றத்தின் மக்கள் சபைக்கு நடக்கும் பொதுத் தேர்தல், இடைத்தேர்தல்களுக்கு மட்டுமே. உள்ளாட்சி, மேயர் தேர்தல்களில் அவர் தாராளமாக ஓட்டுப் போடலாம். 2016 ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பிலும் பிரபுக்களுக்கு ஓட்டு இருந்தது.

உங்கள் வேலைக்கு முக்கியமானது கையில் இருக்கும் வாக்காளர் பட்டியல். அதில் அவர் பெயரை ஒட்டி 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பொதுத் தேர்தல் சீட்டு இவருக்கு இல்லை என்று அர்த்தம். 2010 மே 6 அன்று லண்டனில் பொதுத் தேர்தலும் உள்ளாட்சித் தேர்தலும் ஒன்றாக நடந்தன. அப்படி ஒரு நாள் வந்தால் உள்ளாட்சிச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். அடையாளக் குறி விடுபட்டுப்போயிருந்தாலும் தடை தடைதான். தனக்கு உரிமையில்லை என்று தெரிந்தே ஓட்டுப் போடுவது குற்றம். சந்தேகம் வந்தால் நீங்களாக முடிவெடுக்காமல் சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

பெயருக்கு முன்னால் 'லார்ட்' என்று இருப்பதை மட்டும் பார்த்து யாரையும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தடை பட்டத்துக்கு இல்லை, சபையில் இருக்கும் இடத்துக்குத்தான். 1999 சட்டம் 92 பேர் நீங்கலாகப் பரம்பரைப் பிரபுக்களைச் சபையிலிருந்து நீக்கியபோதே, வெளியேறியவர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டது. 2014 சட்டப்படி ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு. அந்தச் சபையில் அமரும் இங்கிலாந்துத் திருச்சபை ஆயர்கள் 26 பேர் விஷயம் தனி: சட்டம் தடுக்கவில்லை, மரபாகப் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை.

ஏன் இந்தத் தடை? பிரபுக்களுக்கு ஓட்டில்லை என்று மக்கள் சபை 1699-லேயே தீர்மானம் போட்டது. 1872-ல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மற்றவர்கள் பிரதிநிதியை அனுப்புகிறார்கள், பிரபுவோ தானே நேரில் அமர்கிறார், அவருக்கு இன்னொரு பிரதிநிதி எதற்கு என்பதுதான் வாதம். நாடாளுமன்றம் கலைந்ததும் மக்கள் சபை உறுப்பினர்கள் பதவி இழந்து சாதாரண வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். பிரபுவின் இடம் அப்படியே இருக்கிறது.

இந்த வாதம் இன்று நிற்காது என்பது என் கருத்து. 1911 சட்டத்துக்குப் பிறகு வரி, செலவு மசோதாவைப் பிரபுக்கள் சபை ஒரு மாதத்துக்கு மேல் தாமதப்படுத்தக்கூட முடியாது. ஆக, தான் கட்டும் வரியைத் தீர்மானிக்கும் சபைக்கு ஆள் அனுப்பும் உரிமை அவருக்கு இல்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு முறையான விசாவில் அங்கே வசிக்கும் நம்மவருக்கு, காமன்வெல்த் குடிமகன் என்பதால் அந்த உரிமை இருக்கிறது. சபையைத் தேர்தல் மூலம் அமைப்பதா என்பது பெரிய விவாதம். அது முடியும்வரை இந்த ஓட்டை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

உங்கள் வட்டாரத்துக்காரர் ஓய்வு பெறப்போகிறார் என்றால், குறியை நீக்கச் சொல்லித் தேர்தல் பதிவு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். கடைசி நாளில் சாவடிக்கு வந்து வாதாடி அதை மாற்ற முடியாது.