இங்கிலீஷ்ல ரொம்ப அதிக அர்த்தம் இருக்கற சின்ன வார்த்தை எது, அதையெல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

முதல் பாதிக்கு பதில் சுலபம், ‘ரன்’. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட 1989 பதிப்புல ‘செட்’தான் முன்னாடி இருந்துச்சு, 430 அர்த்தம். அப்புறம் திருத்தி எழுதுனப்ப ‘ரன்’ தாண்டிப் போயிடுச்சு, வினைச்சொல்லா மட்டுமே 645. பீட்டர் கில்லிவர்ங்கற அகராதி ஆசிரியர் இந்த ஒரு வார்த்தையோட கிட்டத்தட்ட 9 மாசம் உக்காந்திருக்கார்.

ரெண்டாவது பாதிக்கு என் வகுப்புல நடந்ததைச் சொல்றேன். நான் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுல இருக்கற டர்பன் வந்து 15 வருஷமாச்சு, சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்ல ஒரு கோயில் ஹால்ல பசங்களுக்குத் தமிழ் சொல்லித்தரேன். 1860லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட வாரிசுங்க, இப்ப வீட்டுல பேசறது இங்கிலீஷ்தான், அதனால இங்கிலீஷ்ல நினைச்சுதான் தமிழ்ல எழுதுவாங்க. ‘ரன்’னா ‘ஓடு’ன்னு சொல்லிக்குடுத்த மறுவாரம் ஒரு பொண்ணு நோட்டை நீட்டுனா, பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தா, “அம்மா கடையை ஓடுறாங்க. ஆயா காய்ச்சல் ஓடுறாங்க.”

சிவப்புப் பேனா கையில இருந்துச்சு, அடிக்க மனசு வரல. அவ இங்கிலீஷ்ல நினைச்ச ‘ரன் எ ஷாப்’, ‘ரன் எ ஃபீவர்’ ரெண்டுமே சரி. நாமதான் கடையை ஓடறதில்ல, நடத்தறோம். கடை, பள்ளிக்கூடம், குடும்பம் எல்லாமே தமிழ்ல நடக்குது, இங்கிலீஷ்காரங்களுக்கு ஓடுது! அதே மாதிரி தேர்தல்ல நாம நிக்கறோம், பிரிட்டிஷ்காரங்களும் ‘ஸ்டாண்ட்’னு நிக்கறாங்க, அமெரிக்காவுலதான் ஓடறாங்க. இவ்வளவு நாள் தமிழ் பேசியும் இதை நான் கவனிச்சதே இல்ல, அந்தப் பொண்ணு நோட்டைப் பாத்துதான் தெரிஞ்சுது.

நம்ம ‘ஓடு’வும் லேசுப்பட்டதில்ல. ஆறு ஓடுது, படம் 100 நாள் ஓடுது, பொழப்பு ஓடுது, பதட்டத்துல கையும் ஓடல காலும் ஓடல. மிஷின், ரயில், கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்னு புதுசா வந்தது பூராவும் ரெண்டு மொழியிலயும் ஓட ஆரம்பிச்சுடுச்சு, ‘ரன்’னோட பட்டியல் இவ்வளவு நீண்டுபோனதுக்கு இந்த மிஷினுங்களும் ஒரு பெரிய காரணம். அடியில பாத்தா பெரும்பாலும் ஒரே படம்தான், நிக்காம போயிட்டே இருக்கறது. குழாய்ல தண்ணி, சளி புடிச்ச மூக்கு, புதுப் புடவையோட சாயம், தாத்தாவுக்கு இருந்து அப்பாவுக்கு வந்து இப்ப பேரனுக்கும் வர சக்கரை வியாதி, இங்கிலீஷ்ல இதெல்லாம் ‘ரன்’தான். இந்தப் படத்தைப் புடிச்சுக்கிட்டா பாதி அர்த்தம் தானா வந்துடும், 645ஐயும் மனப்பாடம் பண்ண உக்காராதீங்க.

மாட்டிக்கறது எங்கன்னா பின்னாடி ஒட்டிக்கற குட்டி வார்த்தைங்கள்ல. நான் வந்த புதுசுல பக்கத்து வீட்டு அக்கா ‘உன் வீட்டுக்காரரை ரோபோட்கிட்ட ரன் இன்ட்டு பண்ணேன்’ங்கற மாதிரி இங்கிலீஷ்ல சொன்னாங்க. இங்க ரோபோட்னா டிராஃபிக் சிக்னல். எனக்கு அவங்க காரை அவர் மேல மோதிட்டாங்கன்னு பட்டு நெஞ்சு பதறிடுச்சு, அந்த அக்கா தற்செயலா பாத்தேன்னுதான் சொல்லியிருக்காங்க. கார் ஏத்துறதுக்கு ‘ரன் ஓவர்’. ‘ரன் அவுட்’னா வீட்டுல ப்ரெட் தீந்து போறது, கிரிக்கெட்லன்னா இந்த ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான், 1999 உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 213, எங்க தென்னாப்பிரிக்காவும் 213, ஜெயிக்க ஒரே ஒரு ரன், குளூஸ்னர் ஓடி வரார், டொனால்டு பேட்டைக் கீழ விட்டுட்டு லேட்டா ஓடறார், ரன் அவுட். டை ஆயிடுச்சு, ஆஸ்திரேலியா ஃபைனலுக்குப் போயிடுச்சு. எங்க வீட்டுல மாமா இன்னைக்கும் அந்தப் பேச்சு வந்தா டீ டம்ளரைக் கீழ வச்சுடுவார்.

அதனால நான் பசங்களுக்கு ‘ரன்’னைத் தனியா குடுக்கறதை நிறுத்திட்டேன், ஜோடியோடதான் குடுக்கறேன். ‘அப் ரன்’, ‘டவுன் ரன்’ன்னா இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும், 1921லேர்ந்து நடக்கற காம்ரேட்ஸ் மாரத்தான், டர்பன்லேர்ந்து மேல பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஓடுனா அப், அங்கேர்ந்து கீழ இறங்கி வந்தா டவுன், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். அப்படி ஒரு இடத்தோட, ஒரு ஆளோட சேர்த்துக் கேட்ட வார்த்தை மறக்கறதே இல்ல. நீங்களும் ஒரு நோட்டுல அர்த்தம் எழுதாம, கேட்ட முழு வாக்கியத்தை அப்படியே எழுதி வைங்க, யாரு எப்ப சொன்னாங்கன்னும் சேத்து.

அந்தப் பொண்ணு அடுத்த வாரம் திருத்திக் கொண்டாந்தா. “அம்மா கடை நடத்துறாங்க. கடை நல்லா ஓடுது.” ரெண்டாவது வரி நான் சொல்லிக்குடுத்தது இல்ல, ஆயாகிட்ட கேட்டேன் ஆன்ட்டின்னா.