போலீஸ் நோட்டீசைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் 14 வருடம் கணக்கு எழுதினேன். போன வருடம் வேலையை விட்டுவிட்டேன். சரக்கு அனுப்பிய ஈரோட்டுக்காரர் ஒருவர் முதலாளி மீது மோசடிப் புகார் கொடுத்திருக்கிறார். 2021 முதல் 2024 வரை உள்ள பேரேடு, பில் புத்தகம், கணினியில் உள்ள டேலி கணக்கு எல்லாவற்றையும் ஏழு நாளில் ஒப்படைக்கச் சொல்லி எனக்கு போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. கொண்டுவந்தவர், “கொடுக்கலைன்னா ஆறு மாசம் உள்ள போகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பேரேடுகள் செல்லூர் குடோனில் இருந்தவை. 2024 அக்டோபர் மழையில் தண்ணீர் புகுந்து பல நனைந்துவிட்டன. டேலி பேக்கப் மட்டும் ஒரு பென்டிரைவில் என் வீட்டில் இருக்கிறது. முதலாளி, “பதிலே குடுக்காதம்மா, தானா அடங்கிடும். ரொம்பக் கேட்டா புதுசா ஒரு பேரேடு எழுதிக் குடுத்திடலாம்” என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த ஆறு மாதப் பயத்தை இறக்கி வையுங்கள். அரசு ஊழியர் கேட்ட ஆவணத்தைக் கொடுக்காமல் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 210-வது பிரிவில் வரும் குற்றம். 2024 ஜூலை 1-க்கு முன்பு இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 175-வது பிரிவாக இருந்தது. போலீஸ் போன்ற அதிகாரியிடம் கொடுக்கத் தவறினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய்தான். ஆறு மாதம், 10,000 ரூபாய் என்பது நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டிய ஆவணத்தைக் கொடுக்காதவருக்கு. உங்கள் நோட்டீஸ் காவல் நிலையத்திலிருந்து வந்தது.

இந்தக் குற்றத்துக்காக போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு உங்களைக் கைது செய்யவும் முடியாது. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆவணம் கேட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் இதை விசாரணைக்கு எடுக்கும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215-வது பிரிவு சொல்கிறது.

அதற்காக நோட்டீசைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. 210-வது பிரிவின் உயிர் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லில் இருக்கிறது. கையில் இல்லாததைக் கொடுக்காதது குற்றமாகாது. கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருப்பதுதான் குற்றம். ஆனால் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால், இல்லாததால் கொடுக்கவில்லையா, இருந்தும் கொடுக்கவில்லையா என்பது அதிகாரிக்கு எப்படித் தெரியும்? உங்கள் மௌனத்தையே அவர் வேண்டுமென்றே செய்ததற்கு அடையாளமாகக் காட்டுவார்.

இப்போது அந்தத் தாளை எடுத்து, எந்தப் பிரிவில் அனுப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. சுரக்ஷா சன்ஹிதா 94 என்றிருந்தால் ஆவணம் கேட்கிறார்கள். 179 என்றிருந்தால் சாட்சியாக விசாரிக்க அழைக்கிறார்கள். 35(3) என்றிருந்தால் விஷயமே வேறு. உங்கள் மீதும் சந்தேகம் என்று பொருள். அப்படியானால் ஒரு துண்டுச் சீட்டைக்கூட வக்கீலைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை இந்த வகை உத்தரவால் ஆவணம் கொடுக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஷ்யாம்லால் மோகன்லால் சோக்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது. முதல் வேலையாக எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுத்து, உங்கள் பெயர் அதில் எங்கே, எப்படி வருகிறது என்று படித்துவிடுங்கள்.

94 என்றே வைத்துக்கொள்வோம். உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். நிலையப் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்தும், எந்த ஆவணம், எந்த நாள், எந்த இடம் என்ற விவரமும் வேண்டும். நீங்களே நேரில் போக வேண்டும் என்பதில்லை. கேட்ட ஆவணத்தை வேறொருவர் மூலம் கொடுத்தனுப்பினாலும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததாகவே அந்தப் பிரிவு கருதுகிறது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றாலும், பெண் என்பதால் உங்களை நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

பென்டிரைவ் உங்களிடம் இருக்கிறது. அது கடையுடைய கணக்காயிற்றே, நான் எப்படிக் கொடுப்பது என்று தயங்குவீர்கள். சட்டம் யாருடைய சொத்து என்று கேட்கவில்லை, யார் வசம் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. மின்னணுப் பதிவும் ஆவணம்தான். ஆகவே அதைக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் அதிலுள்ள ஃபைலை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டேலியில் திறந்து ஒரு என்ட்ரியைக்கூடத் தொடாதீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவதாக இருந்தாலும் வேண்டாம். கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற தேதி ஃபைலிலேயே நிற்கும், அந்தத் தேதி நோட்டீசுக்குப் பிந்தியதாக இருந்தால் குறுக்கு விசாரணையில் உங்களால் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது நனைந்த பேரேடு. எனக்குப் பெரிய கவலை இதில்தான். அந்த மழைக்குப் பிறகு ஒரு கடைக்காரர் சாக்கில் பேரேடுகளைக் கட்டி என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். சிவப்பு அட்டையின் சாயம் பக்கங்களில் இறங்கியிருந்தது, தாள்கள் அப்பளமாக ஒட்டிக்கிடந்தன. மைப்பேனாவில் எழுதியது கரைந்து போயிருந்தது. பால்பாயின்ட் பேனாவில் எழுதியது வரிக்கு வரி அப்படியே நின்றது! கிட்டத்தட்டப் பாதிக் கணக்கைப் படிக்க முடிந்தது. அதனால் ‘நனைந்துவிட்டது, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டோம்’ என்ற பேச்சே வரக்கூடாது. கேட்கப்பட்ட ஆவணத்தை மறைப்பதும் அழிப்பதும் நியாய சன்ஹிதா 241-ல் மூன்று வருடம் வரை போகும். ஒரு மாதத் தண்டனைக்குப் பயந்து மூன்று வருடக் குற்றத்தில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். பேரேடுகள் முதலாளியிடம் இருந்தால், அவற்றைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே சொல்லுங்கள்.

புதிதாகப் பேரேடு எழுதும் யோசனைக்கு மட்டும் கண்டிப்பாக இணங்காதீர்கள். எழுதப்போவது உங்கள் கை. 14 வருடம் சோறு போட்ட இடம் என்ற நன்றி எனக்குப் புரிகிறது. ஆனால் பொய்ச் சாட்சியம் புனைந்தால் நியாய சன்ஹிதா 229-ல் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. கையெழுத்து உங்களுடையது என்று தெரிந்துவிட்டால் முதலாளி உங்களைக் காப்பாற்ற முடியாது. உண்மையாகவே அவர் ஈரோட்டுக்காரருக்குப் பணம் கொடுத்திருந்தால் வங்கி ஸ்டேட்மென்டும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் அவருக்குத் துணைக்கு வரும்.

சரி, பதில் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? நீளம் தேவையில்லை.

“இன்ன தேதியிட்ட தங்கள் நோட்டீஸ் இன்ன தேதியில் கிடைத்தது. நான் மேற்படி கடையில் கணக்கராக இருந்து இன்ன தேதியில் விலகிவிட்டேன். பேரேடுகளும் பில் புத்தகங்களும் என் வசம் இல்லை. நான் விலகியபோது அவை கடை உரிமையாளரின் செல்லூர் குடோனில் இருந்தன. அவற்றில் பல 2024 அக்டோபர் மழையில் நனைந்தவை. என்னிடம் உள்ளது டேலி பேக்கப் கொண்ட பென்டிரைவ் ஒன்று மட்டுமே. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ரசீது தரக் கோருகிறேன்.”

இவ்வளவுதான். யார் மீது தப்பு, யார் ஏமாற்றினார் என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள், அது விசாரணையில் கேட்டால் சொல்ல வேண்டியது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏழு நாள் போதாது என்றால் அதே கடிதத்தில் கால அவகாசம் கேளுங்கள். அப்புறம், மின்னணுப் பதிவுக்கு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்று கேட்பார்கள். அந்தப் படிவத்தில் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று யோசிக்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் வருடச் சட்டமே சொல்கிறது. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு நோட்டீசோடு போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். ஏழு நாள் முடிவதற்கு முன்பே போய்விடுங்கள்.