கையால் செய்த மர ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் குழல்) வாங்குவது வீண் செலவா? பிளாஸ்டிக் போதாதா?

நீங்கள் அநேகமாக ஒன்றிரண்டு வருஷம் பிளாஸ்டிக்கில் வாசித்துவிட்டு மரக்குழல் மேல் ஆசை வைத்திருக்கிறீர்கள். "ஸ்கூல் பிள்ளைங்க ஊதுற பீப்பிக்கு இவ்வளவு காசா?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள், இன்னமும் வலிக்கிறது. வீண் செலவே இல்லை. ஆனால் முதல் மாதம் பொறுமை வேண்டும்.

நான் இருப்பது ஜெர்மனியின் நியூரம்பர்க்கில். ஜேக்கப் டென்னர் (1681–1735) குழல் கடைந்த ஊர். அவர் செய்த ஆல்டோ (நடுத்தர அளவு) ரெக்கார்டர் ஒன்று கோபன்ஹேகன் மியூசியத்தில் இருக்கிறது. இன்றைக்கும் பலர் அதை மாதிரியாக வைத்துத்தான் செய்கிறார்கள். என்னுடையதும் அப்படித்தான், பாக்ஸ்வுட் மரம். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில், ஒரே ஆள் நடத்தும் பட்டறையில் சொல்லிவைத்து 14 மாதம் காத்திருந்தேன்.

வந்த அன்று ராத்திரியே இரண்டு மணி நேரம் வாசித்தேன். மறுநாளும் அப்படியே. புதுக் குழலை முதல் சில வாரம் தினம் 10, 15 நிமிடத்துக்கு மேல் ஊதக் கூடாது என்று பட்டறைக்காரர் எழுதியே கொடுத்திருந்தார். மனசு கேட்கவில்லை. ஐந்தாம் நாள் மேல் சுரங்கள் எழும்பவில்லை, கீழே ஒரே கரகரப்பு. பணம் போச்சு என்று நெஞ்சை அடைத்தது.

பட்டறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் திட்டவில்லை. தலைப்பகுதியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, காற்று நுழையும் இடுக்கைக் காட்டினார். சுமார் 1 மில்லிமீட்டர் உயரம்தான், அதுவும் நடுவில் குறுகியிருந்தது. இடுக்கின் தரையாக இருக்கும் தக்கை சீடார் மரம். மூச்சின் ஈரத்தைக் குடித்து உப்பியிருந்தது. ஒரு மரக்குச்சியைக் கீழிருந்து விட்டு மெல்லத் தட்டித் தக்கையை வெளியே எடுத்தார். இரண்டு நாள் காயட்டும், அப்புறம் வாருங்கள் என்றார். திரும்பப் போனபோது தக்கையின் மேல்பக்கம் கத்தியால் ஒரே ஒரு இழை சீவினார். சுருண்டு விழுந்ததை என் உள்ளங்கையில் வைத்தார். பென்சில் சீவிய வாசனை! பென்சிலுக்குப் போடும் அதே வகை மரம்தானாம். பொருத்தி, என்னை ஊதச் சொல்லிக் கேட்டு, இன்னும் கொஞ்சம் சீவினார். மேல் சுரம் தொட்டதும் அசையாமல் நின்று ஒலித்தது. நான் கொடுத்த காசு அந்தக் காதுக்கும் கத்திக்கும்தான்.

பிளாஸ்டிக்கைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் மகள் அதில்தான் கற்றாள், சுருதி சுத்தமாகவே பேசும். "என்ன இருந்தாலும் பிளாஸ்டிக் நகல்தானே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1919-இல், பழைய இசைக்கருவிகளை மீட்டெடுத்த ஆர்னல்ட் டோல்மெட்சிடம் இருந்த, பிரெசான் என்ற அந்தக்காலக் கைவினைஞர் செய்த ரெக்கார்டர் வைத்த பை லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் தொலைந்துபோனது. அதற்கப்புறம்தான் அதே மாதிரி தானே ஒன்றைச் செய்தார். இந்தக் கருவி மறுபடி புழக்கத்துக்கு வந்த கதையிலேயே நகலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆர்டர் கொடுக்கும் முன் சுருதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பரோக் (17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) சுருதி 415 ஹெர்ட்ஸ், இன்றைய பியானோ 440. அரைக் கட்டை வித்தியாசம். என்னுடையது 415, மகளின் பியானோவோடு சேராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். குழல் முதலில் வந்த பார்சலைக் கூரியர்காரர்கள் மழையில் வாசற்படியில் போட்டுவிட்டு, "நேரில் ஒப்படைத்தோம்" என்று பதிந்துவிட்டுப் போனார்கள். மூன்று கடிதம் எழுதினேன், ஒரு வரி பதில் இல்லை. அட்டைப்பெட்டி ஊறிப்போயிருந்தது. உள்ளே பட்டறைக்காரர் சுற்றி வைத்த கம்பளித் துணிதான் குழலைக் காப்பாற்றியது. நீங்கள் நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.